பிள்ளைகளை உண்ணப் பழக்குதல்

ஓய்வு நேரம் முடிந்து மணி அடித்தபின், கழுவுவதற்காகச் சிற்றுண்டிச் சாலையின் பின்புறம் அடுக்கி வைக்கப்படும் தட்டுகளை நான் நின்று பார்ப்பதுண்டு. தலைமையாசிரியருக்கு இஃதென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஏட்டைப் பார்த்தால் பிள்ளை வகுப்பில் என்ன கற்றது என்பது தெரியும். தட்டைப் பார்த்தால் அது வீட்டில் என்ன பழகியது என்பது தெரியும். கோழித்துண்டு போயிருக்கும். சோற்றில் பாதி போயிருக்கும். சாவிக் கீரையும் காரட்டும் முட்டைக்கோசும் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக ஒதுக்கப்பட்டிருக்கும். அவ்வளவு ஒழுங்கை அப்பிள்ளைகளின் கையெழுத்தில் கண்டிலேன்!

நம் நாட்டு அரசாங்கம் 1979ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளிகளில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டத்தை நடத்தி வருகின்றது. 1983இல் பள்ளிப் பால் திட்டமும் வந்தது. நம் முன்னோரின் தாயகமாகிய தமிழ்நாட்டிலோ 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை உணர்ந்தோர் செய்த அரும்பணிகள் இவை. ஆயினும் அரசாங்கம் உணவைப் பிள்ளையின் முன்னே கொண்டுவந்து வைக்கலாம். அதை உண்ணும் வாயைப் பழக்குவது பெற்றோரும் ஆசிரியருமாகிய நம் கையில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குட்டையாய் இருப்பதாகக் கண்டது. ஐவரில் ஒருவருக்கும் மேல் என்பது இதன் பொருள். வறுமை இதற்கு ஒரு காரணம். ஆனால் கையில் காசு புழங்கும் வீட்டுப் பிள்ளையும் என் முன்னே வெளிறிய முகத்தோடுதான் நிற்கின்றது.

இது பற்றி அறிவுரை கூற வருமுன் என் பிழை ஒன்றைக் கூறிவிடுதல் முறையாகும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து வெளிவந்த புதிதில், வேறொரு தோட்டப் பள்ளியில் பணியாற்றி வந்தேன். முதலாம் ஆண்டில் ஒரு சிறுவன். கீரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒழுக்கத்தைக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டு, ஒரு நாள் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு அவன் அருகே நின்றேன். "தட்டைக் காலி செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது" என்றேன். அவன் கண்ணீர் வடித்துக்கொண்டே விழுங்கினான். பின் அங்கேயே வாந்தியெடுத்தான். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய தாயார், பால்வெட்டு முடிந்து, வேலையுடுப்பைக்கூட மாற்றாமல் என்னைத் தேடி வந்தார். கோபப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, அவன் கீரை தின்னாட்டிப் பரவாயில்லைங்க, பள்ளிக்கூடம் வந்தாப் போதுங்க" என்றார். கல்லூரியில் உளவியல் படித்தவன் நான். அந்தத் தாயார் கையெழுத்துப் போடவும் அறியாதவர். அன்று அவர் முன்னே எனக்குத் தலை நிமிரவில்லை. பையன் திரும்பி வந்தான். ஆனால் அவன் ஆறாம் ஆண்டு முடித்துப் போகும்வரை, கீரையின் மணம் எழும் நாள்களில் சிற்றுண்டிச் சாலைக்குள் கால் வைத்ததே இல்லை. கீரையை அவனுக்குப் பகையாக்கியவன் நானே.

அதன் பின்னரே இப்பொருள் பற்றித் தேடிப் படிக்கலானேன். அமெரிக்க நாட்டில் கிளாரா டேவிஸ் என்னும் மருத்துவப் பெண்மணி 1920களில் தொடங்கிச் செய்த ஒரு சோதனை என் கண்ணைத் திறந்தது. தாய்ப்பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் பதினைவரை அவர் எடுத்துக்கொண்டார். மொத்தம் 34 வகை எளிய உணவுகள்: இறைச்சி, மீன், முட்டை, பால், தானியம், காய், கனி. அவற்றுள் சிலவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு ஒவ்வொரு வேளையும் குழந்தையின் முன்னே வைப்பர். தாதி கரண்டியோடு பேசாமல் அமர்ந்திருப்பாள். குழந்தை எதைச் சுட்டுகின்றதோ அதை மட்டும் ஊட்டுவாள். "இதைத் தின்" என்று சொல்லுதல் கூடாது. மிச்சம் வைத்தால் முகம் சுளித்தலும் கூடாது. குழந்தைகள் என்ன செய்தன? ஒரு நாள் ஒன்றை அள்ளி உண்டன. மறுநாள் அதைத் தொடவில்லை. பார்ப்பவருக்குக் கோமாளித்தனமாய்த் தோன்றும் உணவுமுறைதான். ஆயினும் பதினைவரும் நன்கு வளர்ந்தனர். ரிக்கெட்ஸ் நோய் கண்டிருந்த ஒரு குழந்தை, அருகில் வைக்கப்பட்ட மீனெண்ணெயை நோய் நீங்கும்வரை தானே விரும்பிக் குடித்து, பின் நிறுத்திக்கொண்டதாம்.

இதைப் படிப்போர், "பிள்ளை விரும்பியதைத் தின்னட்டும் என்று விட்டுவிடலாம் போலும்" என்று எண்ணிவிடுதல் கூடாது. டேவிஸ் அம்மையாரே 1939இல் இதன் சூட்சுமத்தை விளக்கினார். அந்த 34 பொருள்களுள் சர்க்கரை இல்லை. டின்னில் அடைத்தது இல்லை. பொட்டலத்துத் தின்பண்டம் இல்லை. கெடுதியானது எதுவும் எட்டும் தொலைவில் இல்லாதபோது, குழந்தை எதைத் தேர்ந்தாலும் நன்மையே. ஆகவே எதை, எந்நேரத்தில் முன்னே வைப்பது என்பது பெரியோர் பொறுப்பு. வைத்ததில் எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் உரிமை. நம் வீடுகளில் இது தலைகீழாய் நடைபெறுகின்றது. எதை உண்பது என்பதைப் பிள்ளை அடம்பிடித்து முடிவு செய்கின்றது. எவ்வளவு உண்பது என்பதைத் தாய் மிரட்டி முடிவு செய்கின்றாள்.

பிள்ளைகள் புதிய உணவை மறுப்பது கெட்ட குணமன்று. ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இம்மறுப்பு மிகுதியாயிருக்கும். கசப்பைச் சிறுவர் நாக்கு நம் நாக்கைவிடக் கூர்மையாக உணர்கின்றது. தவழ்ந்து திரியும் வயதில் கண்ட இலையையெல்லாம் வாயிலிட்டால் உயிருக்கே கேடு விளையுமன்றோ? இயற்கை அளித்த காவலே இம்மறுப்பு என்பர் அறிஞர். காவற்காரனுக்கு ஆளை அடையாளம் தெரிந்தால் வழி விடுவான். லீன் பர்ச் என்னும் உளநூலார் 1982இல் இரண்டு வயதுப் பிள்ளைகளைக் கொண்டு ஆராய்ந்து, புதிய பழத்தையும் பாலடைக்கட்டியையும் எத்தனை முறை மிகுதியாகச் சுவைக்கக் கொடுத்தனரோ அத்துணை விருப்பம் வளர்ந்ததைக் கண்டார். பத்து முறை, பதினைந்து முறை கூட ஆகலாம். நம் தாய்மார் இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குப் புடலங்காய் ஆகாது" என்று சாதகம் எழுதிவிடுகின்றனர். பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டே வளர்கின்றது. எனக்குப் புடலங்காய் ஆகாது என்பது அதன் பெயரைப் போலவே ஒட்டிக்கொள்கின்றது.

கொடுக்கும் அளவு சிறியதாயிருத்தல் வேண்டும். ஒரு நகத்தளவு போதும். உண்டால் நன்று, துப்பினால் துடைத்துவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் வைக்கலாம்.

இன்னொரு செய்தியும் வியப்புக்குரியது. கருவுற்ற இறுதி மாதங்களில் தாய் அருந்திய காரட்டுச் சாற்றின் சுவையைக் குழந்தை பிறந்தபின்னும் அடையாளம் கண்டுகொள்கின்றது என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாய்ப்பாலின் வழியும் சுவைகள் செல்கின்றன. ஆகையால் கர்ப்பிணிக்குக் கீரையும் மீனும் பழமும் கிடைக்கச் செய்வது வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் முதற்பாடம் நடத்துவதாகும்.

இனி, நம் தோட்டங்களுக்கே உரிய ஒரு பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதுதான் டின்பால் தேநீர்.

என் தலைமுறையினர் பலர் அதைக் குடித்தே வளர்ந்தோம். விடியற்காலை இருளில் பிரட்டுக்கு ஓடும் தாய், உறங்கும் பிள்ளையைத் தூக்கி ஆயாக்கொட்டகையில் விடுமுன், ஒரு குவளைத் தேநீரும் இரண்டு ரொட்டியும் கொடுப்பாள். அதற்குமேல் அவளுக்கு நேரம் ஏது? குறை அவளுடையதன்று. இன்று இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தந்தை லாரி ஓட்டுகிறார். தாய் தொழிற்சாலைப் பேருந்துக்காக ஐந்தரை மணிக்கே சாலையோரத்தில் நிற்கிறார். ஆனால் அந்தக் குவளை மட்டும் மாறவில்லை. இனிப்பூட்டிய டின்பாலின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு சர்க்கரையே. அத்துடன் தேயிலையிலுள்ள துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளவிடாமல் தடுக்கின்றது. காலையில் ஒரு குவளை, பள்ளி விட்டு வந்ததும் ஒரு குவளை, இடையில் கடையில் வாங்கிய கெரோப்போ. பின்னர்த் தட்டில் சோற்றை வைத்தால் பிள்ளை எப்படி உண்ணும்? "என் மகனுக்குப் பசியே எடுப்பதில்லை ஐயா" என்று தாய்மார் என்னிடம் முறையிடும்போது, நான் முதலில் கேட்பது அவன் என்ன குடிக்கிறான் என்பதைத்தான்.

டின்பாலைப் பற்றி இம்மண்ணிலேயே குரல் எழுப்பிய ஒருவரை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் 1893இல் ஜமேக்காத் தீவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டில், இன்றைய கானாவில், பணியாற்றியபோது, புரதம் குறைந்த உணவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்க்கர் என்னும் நோயை 1930களில் உலக மருத்துவருக்கு எடுத்துரைத்தவர் அவரே. 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின்பாலைக் கரைத்து ஊட்டியதால் கைக்குழந்தைகள் மெலிந்து மடிவதை இங்கே கண்ணாரக் கண்டார். டின்பால் வணிகரின் விளம்பரமோ அதையே சிறந்த உணவென்று கூறிற்று. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தின் கூட்டத்தில், பெருந்தனக்காரர் அமர்ந்திருந்த அவையிலே, 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டு அவர் உரையாற்றினார். தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில் அவையினர் எப்படித் திடுக்கிட்டிருப்பர்! சப்பானியர் காலத்தில் சாங்கி முகாமில் சிறைப்பட்டுக் கிடந்து உயிர் பிழைத்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். அவர் பேசியது கைக்குழந்தைகளைப் பற்றித்தான்; பள்ளிப் பிள்ளைக்கு டின்பால் அத்தகைய நஞ்சன்று. ஆயினும் வயிற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நல்லுணவை வெளியே நிறுத்துவது இன்றும் அதே டின்தான். தேநீரை அடியோடு விலக்க இயலாத வீடுகளில், சோறு உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் போதும்.

"எங்கள் காலத்தில் பிள்ளைகள் போட்டதைத் தின்றன" என்று முதியோர் பெருமை பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது முழு உண்மையன்று. அன்று வேறொன்றும் இல்லாததால் தின்றோம். பசியைச் சுவை என்று எண்ணிக்கொண்டோம். வயிற்றில் பூச்சியோடும் காலில் சிரங்கோடும் திரிந்ததை மறந்துவிடலாகாது. ஆனால் அக்காலத்தில் ஒரு நன்மை இருந்ததை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயாக்கொட்டகையில் நாங்கள் வட்டமாக அமர்ந்து உண்டோம். பக்கத்திலிருப்பவன் முருங்கைக்கீரைச் சோற்றை வாங்கி விழுங்கும்போது, நாமும் வாயைத் திறப்போம். ஆயா ஒருவருக்கென்று தனியாகச் சமைத்தவளல்லள். மேற்கூறிய பர்ச் அம்மையார் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒரு காயை விரும்பாத பிள்ளையை, அதை விரும்பும் பிள்ளைகளின் நடுவே சில நாள் உணவு வேளையில் அமர்த்தினார். விரும்பாத பிள்ளையும் அதை எடுத்துண்ணத் தொடங்கிற்று. இன்றோ வீட்டில் ஒருவர் தொலைக்காட்சி முன்பும், ஒருவர் கைத்தொலைபேசியோடு அறையிலும், தந்தை வாசலிலும் அமர்ந்து உண்கின்றனர். பாகற்காயைத் தந்தையே தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டால், மகனுக்குச் சொல்லும் உபதேசம் எடுபடுமா? இரவு ஒரு வேளையாவது ஒன்றாக அமர்ந்து, ஒரே குழம்பை எல்லாரும் உண்ணுங்கள். அடம்பிடிக்கும் பிள்ளைக்கென்று உடனே எழுந்து மெகி மீ கிண்டித் தருவது, நாளைய அடத்துக்கு நாமே கொடுக்கும் முன்பணம்.

"கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம் வாங்கித் தருவேன்" என்பதும் தவறே. நன்மை செய்யும் எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் அறிவு நாம் நினைப்பதைவிடக் கூரியது. கூலி கொடுத்து உண்ணச் சொல்லும் பொருள் நல்ல பொருளாய் இராது என்று அது கணக்கிட்டுக்கொள்கின்றது. 1984இல் நடந்த ஒரு சோதனையில், பரிசுக்காக ஒரு பானத்தைக் குடித்த பிள்ளைகள், பின்னர் அப்பானத்தை முன்னைவிடக் குறைவாகவே விரும்பினர்.

பணம் மிகுதியாக வேண்டும் என்பதுமில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் வாழும் நாம் இவ்வகையில் பேறு பெற்றவர்கள். பாசிர் பெனாம்பாங், ஜெராம், தஞ்சோங் காராங் துறைகளில் மீன் இறங்குகின்றது. விலையுயர்ந்த மீன் வேண்டியதில்லை. கெம்போங் மீனும் நெத்திலியும் போதும். நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். செகிஞ்சான், சபாக் பெர்ணம் வயல்களின் அரிசி நம் பானையில் கொதிக்கின்றது. வீட்டுக் கொல்லையில் முருங்கையும் பசளையும் மரவள்ளியும் கேட்பாரற்று வளர்கின்றன. கங்கோங் கீரை வாய்க்கால் ஓரத்திலும் உண்டு. ஆனால் செம்பனைக்கு மருந்தடிக்கும் இடத்தருகே பறிக்க வேண்டாம். தட்டின் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ இறைச்சியோ முட்டையோ பருப்போ என்று சுகாதார அமைச்சு ஓர் அளவு கூறுகின்றது. நம் தட்டுகளில் சோறே முக்கால்பங்கு. ஒரே நாளில் மாற்ற இயலாது. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி கீரையைக் கூட்டுவதில் தொடங்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களிடமும் ஒரு சொல். ஒரு காயைப் பிடிக்கவில்லை என்று கூற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சுவைத்துப் பார்க்குமுன் கூற உரிமையில்லை. "சீ" என்று சொல்லாதீர்கள். அதைச் சமைத்த கையை நினைத்துப் பாருங்கள். அருகில் அமர்ந்திருக்கும் நண்பன் உண்ணும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி செய்யாதீர்கள். உங்கள் கேலியால் அவன் நாளை அதை ஒதுக்கிவிடுவான். சமையலறையில் அம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பெற்றோர் அஞ்ச வேண்டிய சில குறிகளும் உள. பிள்ளையின் எடை கூடாமல் மாதக்கணக்கில் நிற்பது, இரண்டு மூன்று வகை உணவைத் தவிர வேறு எதையும் ஆண்டுக்கணக்கில் ஏற்காதிருப்பது, விழுங்கும்போது அடிக்கடிப் புரையேறுவது, கண்ணிமையின் உட்புறமும் நகமும் வெளிறிச் சோர்ந்து கிடப்பது. இவற்றை அடம் என்று எண்ணி அடிக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்கு ஒரு பொருளின் மணமும் மிருதுவும் நாம் உணர முடியாத அளவு துன்பம் தரும். அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு, பிறந்தபோது கொடுத்த நலப் புத்தகத்தோடு அழைத்துச் செல்லுங்கள். பூச்சி மருந்து கொடுத்து எத்தனை நாளாயிற்று என்பதையும் அங்கே கேட்டறியலாம்.

நம் பள்ளியில் இப்பொழுது யாரும் பிரம்போடு சிற்றுண்டிச் சாலையில் நிற்பதில்லை. நானே தட்டை ஏந்திப் பிள்ளைகளின் பெஞ்சில் அமர்ந்து, பரிமாறிய காயை உண்கிறேன். நான்காம் ஆண்டு மாணவர்கள் பள்ளியின் பின்புறம் பாகற்கொடி நட்டார்கள். முதல் காய்களை மெல்லிய வளையமாக நறுக்கி மஞ்சளும் உப்பும் இட்டு வறுத்துக் கொடுத்தபோது, எடுத்தவர் மிகச் சிலரே; அவர்களும் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவரையும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் சிறு தட்டில் வைத்தோம். நாள்தோறும் தண்ணீர் ஊற்றியவர்களே முதலில் கை நீட்டினார்கள். தவணை முடிவதற்குள் வகுப்பில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டனர். கடைசிவரை தொடாதவர்களும் உண்டு. அவர்கள் வெண்டைக்காய் நடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேலியோரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். முற்றிப் பழுத்த பாகற்காய்களின் விதைகளைக் காய வைத்துப் பள்ளி அலுவலகத்தில் பொட்டலமாக்கி வைத்துள்ளோம். வேண்டும் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.